நூற்று நாற்பத்தேழு

லாரன்ஸ் ரோட்டில் இப்போது
எல்லாக் கடைக்கும் ஒரே காது.
செருப்புக்கடையில் ஒருவர் இருமினால்
மருந்துக்கடைக்குச் சளி பிடிக்கிறது.

ஸ்டேஷனில் கூட்டம் போட்டு
ஆளுக்கொரு டீ, ஆறிப்போன சமோசா கொடுத்து
ஏட்டு தில்லைக்கண்ணு விளக்கினார்:
"படத்த ஏத்துங்க. மிச்சத்த அது பாத்துக்கும்."
'அது' என்றபோது
ஊர்க்காவல் தெய்வத்தைச் சொல்வதுபோல்
குரல் கொஞ்சம் தணிந்தது.
ஆல்பேட்டை சோதனைச்சாவடியில்
பாண்டி பாட்டில் தேடும் கேமராவையும்
இதோடு கோத்துவிட்டதாகப் பேச்சு.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது.
ஷாம்பு பாட்டில்களை இடுப்பில் அடுக்கும் இருவர்
பண்ருட்டி பஸ் ஏறுமுன் சிக்கினார்கள்.
குறைந்த சரக்குக்கு
என் சம்பளத்தில் பிடிப்பதை
முதலாளி நிறுத்தினார்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அந்த நல்லெண்ணெய்.

அரை லிட்டர்.
மூன்றாம் கேமராவில் சாம்பல் நிறமாய் ஒரு பெண்
தட்டிலிருந்து எடுக்கிறாள்
பையில் போடுகிறாள்
வெளியே மழையைப் பார்க்கிறாள்
முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு போகிறாள்.
பதினோரு நொடி.
ஏற்றினேன்.
எண் நூற்று நாற்பத்தேழு என்று பதில் வந்தது,
கூடவே பச்சை எழுத்தில் ஒரு நன்றி.

நான்கு நாள் கழித்துத்
தராசைத் தூக்கித் துடைத்தால்
அடியில் ஒரு பில்.
அதே எண்ணெய், அதே தேதி,
மாலை ஆறு பன்னிரண்டு.
"மூடி கசிஞ்சுதுண்ணே,
வேற ஒண்ணு எடுத்துக்கம்மான்னு நாந்தான் சொன்னேன்"
என்றாள் பில் போடும் செவ்வந்தி.
கசிந்த பாட்டில் இன்னும்
கவுண்டருக்கு அடியில்
அட்டைப்பெட்டியில் ஒரு வட்டம் வரைந்துகொண்டிருந்தது.
கவுண்டரைப் பார்க்கும் இரண்டாம் கேமரா
அன்று மழைத்தண்ணீர் குடித்துப் படுத்திருந்தது.
மூன்றாம் கேமராவுக்குக் காது கிடையாது.

ஏட்டிடம் ஓடினேன்.
பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
கள்ள நோட்டுப் பார்ப்பதுபோல்.
"எனக்குப் புரியுது தம்பி.
ஏத்தத்தான் இங்க பட்டன் இருக்கு.
எடுக்கறது சென்னைல."
சென்னைக்கு எழுதினேன்.
கோரிக்கைக்கு ஓர் எண் வந்தது.
மறுபடியும் அந்தப் பச்சை நன்றி.

வியாழக்கிழமை கமாலுதீன் பாய் கடையில்
அலாரம் அடித்ததாம்.
சுகர் மாத்திரை கேட்டு நின்றவளைப்
பையைக் கொட்டச் சொன்னார்களாம்.
"என்ன இருந்துச்சு பாய்?"
"சீப்பு, ரேஷன் கார்டு, பாதி முறுக்கு."
அவர் சிரித்தார்.
வீட்டுக்குப் போகும்போது
கெடிலம் பாலம் முழுக்க
எனக்கு அந்தப் பாதி முறுக்குதான்.
மீதியை யாருக்கு வைத்திருந்தாள்?

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு
கடை கடையாய் ஏறினேன்.
"நீதானப்பா ஏத்துன" என்றார்
வளையல்கடை சுகன்சந்த்.
வேறு யாரும் அதைக்கூடச் சொல்லவில்லை.
பில் காகிதம் சூடு பட்டு அச்சாவது.
வெயில் ஏற ஏற வெளுக்கிறது.
நல்லெண்ணெயில் 'ந' போய்விட்டது,
தேதியில் பாதி போய்விட்டது.
முகம் மட்டும்
அங்கே எங்கோ குளிரூட்டிய அறையில்
ஒரு கோடுகூட மங்காமல் இருக்கும்.

இன்று சாயங்காலம்
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
வாசலில் அவள்.
சாம்பல் நிறமில்லை, நல்ல மாநிறம்.
நெற்றியில் பழைய அம்மைத் தழும்பு ஒன்று.
கேமராவுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"நல்லெண்ணெய் அரை லிட்டர்.
கசியாததா பாத்துக் குடுங்க."

நானே போய் எடுத்தேன்.
பாட்டிலைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
மூடியைச் சுற்றி விரலை ஓட்டினேன்.
சொல்லிவிடலாமா என்று
ஒருமுறை,
இரண்டுமுறை,
மறுபடியும் மூடியைத் துடைத்தேன்.

போன் நிற்கவில்லை.
தெருவில் வரிசையாக
செருப்புக்கடை, மருந்துக்கடை, வளையல்கடை.
எல்லார் பையிலும் இதே அதிர்வு.

சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
அவள்தான் சொன்னாள்:
"ரொம்ப நேரமா அடிக்குது.
எடுங்க."